மெழுகுதிரிச் சுடரும் குப்ரிக்கும்

2022 மின்வெட்டுக் காலத்தில் ஓர் இரவு, வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டில் அம்மா மெழுகுதிரி வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அழகாக இருந்ததால் போனில் வீடியோ பிடித்தேன். போட்டுப் பார்த்தால் அம்மாவின் முகம் பவுடர் அப்பியது போல வழவழவென்று இருந்தது. சுடர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கறை. அடியில் இருந்த நீலமும் இல்லை, ஓரத்துச் செம்மஞ்சளும் இல்லை.

இதே மெழுகுதிரியோடு மல்லுக்கட்டியவர் சினிமா இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். கொழும்பு 7இல் குடியிருந்த அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு சேர்ந்து விண்வெளிப் படத்துக்குத் திரைக்கதை எழுதினாரே, அவரேதான். 1975இல் வெளியான ‘பாரி லிண்டன்’ படத்தின் சில காட்சிகளை மெழுகுதிரி வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கையில் இருந்த பிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், 100தான். லேபில் கூடுதல் நேரம் டெவலப் செய்து அதை 200 போல வேலை வாங்கினார்கள். அதுவும் போதாமல், நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸைத் தேடிப் பிடித்தார். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலும்; எண் பாதியானால் லென்ஸின் வாய்ப் பரப்பு நான்கு மடங்காகும், உள்ளே வரும் ஒளியும் அப்படியே. அதன் பின்பக்கம் பிலிமை ஏறக்குறைய முட்டிக்கொண்டு நிற்கும் என்பதால், அதைப் பொருத்தவே ஒரு கமெராவை வெட்டிக் கொத்த வேண்டியிருந்தது.

வாய் அகன்றால் போகஸின் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக விழும் தூரம், சுருங்கும். நடிகர் தலையைக் கொஞ்சம் முன்னே நீட்டினாலும் முகம் மங்கிவிடும். அதற்குச் செய்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது: பக்கவாட்டில் 90 பாகையில் ஒரு வீடியோ கமெராவை வைத்து, அதன் திரையில் கட்டம் போட்டு, நடிகர் எவ்வளவு நகர்ந்தார் என்று பார்த்துப் பார்த்தே போகஸை மாற்றினார்கள். குப்ரிக்கைப் பிலிம் பக்தர் என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வேலைக்கு உதவும் என்றால் 70களிலேயே வீடியோவைச் செட்டுக்குள் விட்டவர் அவர்.

சரி, அவருக்கு இன்றைய டிஜிட்டல் கமெரா கிடைத்திருந்தால்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. (அதே வேகக் கணக்குதான்) 200இல் எஃப் 0.7 செய்த வேலையை 800இல் எஃப் 1.4 செய்துவிடும், 3200 என்றால் எஃப் 2.8 போதும். இன்றைய சினிமா கமெராவுக்கு 800 சாதாரணம். பிலிம் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குச் சில வீதத்தைத்தான் பயன்படுத்தும். டிஜிட்டல் கமெராவில் பிலிமுக்குப் பதிலாக இருக்கும் சில்லான சென்சர், நல்லதாக இருந்தால், பாதிக்கு மேல் பிடித்துவிடும். ஆகவே நாசா லென்ஸ் தேவைப்பட்டிராது. 1000 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீருகிற தொல்லையும் இல்லை. டேக் மேல் டேக் கேட்கும் மனிதருக்குக் கொண்டாட்டம், நடிகர்கள்தான் பாவம்.

ஆனால் அந்தக் காட்சிகளில் ஆட்கள் ஓவியத்துக்குள் இருப்பவர்கள் போல அசையாமல் இருக்கிறார்களே, அதற்குப் போகஸ் போய்விடும் என்ற பயமும் ஒரு காரணம். தாராளமாக அசையலாம் என்றிருந்தால் அந்த அமைதி வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவர் நிச்சயம் சண்டை பிடித்திருக்கக்கூடிய இடம் சுடர். மழைக்கு முற்றத்தில் வைத்த வாளிகளைப் போல, சென்சரில் இலட்சக்கணக்கான நுண்குழிகள் உண்டு. ஒளி இரட்டித்தால் சேரும் மின்னேற்றமும் இரட்டிக்கும். நிரம்பியதும் கணக்கு முடிந்தது; அதன்பின் எவ்வளவு கொட்டினாலும் வெறும் வெள்ளைதான். பிலிமில் இருப்பவை வெள்ளி உப்புப் பளிங்குகள். எளிதில் விழிப்பவை முதலில் வேலையை முடித்துவிடும், மந்தமானவை பிறகு வரும். வெளிச்சம் ஏற ஏற மிச்சமிருக்கும் பளிங்குகள் குறைவதால், வெள்ளை மெல்ல மெல்லத்தான் நெருங்கும். நல்ல சினிமா கமெரா தன் குழிகளை ஆழமாக்கி இதை ஓரளவு ஈடுகட்டுகிறது. போனின் குழிகளோ மிகச் சிறியவை.

போதாததற்குப் போன் தானாகவே முடிவெடுக்கும். இருட்டில் வரும் புள்ளி புள்ளியான இரைச்சலை மறைக்கப் பல பிரேம்களைக் கலந்து வழிக்கும். அதோடு அம்மாவின் சுருக்கங்களும் போய்விடும். சுடரின் மஞ்சளையும் பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். தன்னைக் கேட்காமல் ஒரு விளக்கைக்கூட நகர்த்த விடாத குப்ரிக் அந்தப் போனை ஜன்னலுக்கு வெளியே எறிந்திருப்பார்.

அடுத்த மின்வெட்டில் நான் திரையில் சுடரின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைப் பூட்டிவிட்டுக் கீழே இழுத்தேன். அறை கறுத்தது. சுடரின் அடியில் நீலம் வந்தது, அம்மாவின் ஒரு கன்னம் மட்டும் தெரிந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். “என்ன பிள்ளை, ஒண்டும் தெரியேல்லையே.”