கழுத்தில் இருந்தது ஊத்தை அல்ல

சிறுபோக அறுவடை முடிந்த கையோடு கிளினிக்குக்கு வந்தார் அவர். கிளிநொச்சிப் பக்கத்து வயல்காரர், ஐம்பது வயது ஆகவில்லை. அந்த வெயிலிலும் நீட்டுக்கைச் சேட்டு, மணிக்கட்டுவரை பூட்டியிருந்தார். கையை மடித்துக் காட்டச் சொன்னதும் யாராவது நிற்கிறார்களா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். முழங்கையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த படை, அதன்மேல் மெழுகுதிரியைச் சுரண்டிப் போட்டதுபோல வெள்ளைச் செதில். சொரியாசிஸ். ஏழு வருடமாக இருக்கிறதாம்.

என் கண் போனது அவருடைய பிடரிக்கு. தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணிபோல மடிந்து கிடந்தது.

"உது ஊத்தை, டொக்டர். வயலுக்குள்ள நிக்கிறனான்தானே. தும்பு போட்டு உரஞ்சியும் போகுதில்லை."

ஊத்தை அல்ல ஐயா என்றேன். இன்சுலின் சுரந்தும் அதற்கு உடம்பு சரியாக இணங்காதபோது, பிடரியிலும் கமக்கட்டிலும் தோல் இப்படிக் கறுப்பது உண்டு. வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தோம். சீனி 168 mg/dL. இன்னொரு நாள் எடுத்தபோதும் கிட்டத்தட்ட அதேதான். 126 அல்லது அதற்கு மேல் இரண்டு முறை வந்தால் நீரிழிவு. 100 முதல் 125 வரை என்றால் அதன் வாசற்படி.

சொரியாசிஸைத் தோலோடு நிற்கும் வருத்தம் என்று நினைத்துத்தான் பலர் களிம்போடு காலம் தள்ளுகிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பின்மீதே திரும்புவதால் எழும் அழற்சி அது. அந்த அழற்சியைத் தூண்டும் இரசாயனங்கள் இரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றி, தசையிலும் ஈரலிலும் இன்சுலினின் வேலையைக் குழப்புகின்றன. வயிற்றுக் கொழுப்பும் அதே இரசாயனங்களைச் சுரக்கிறது. அதனால் படை பரந்து கிடப்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. மாரடைப்பும் அப்படித்தான். எல்லோருக்கும் வரும் என்று பயப்படுத்தவில்லை. ஒருமுறை சீனி பார்க்காமல் இருக்காதீர்கள் என்கிறேன். அரச வைத்தியசாலையில் காசில்லாமலே பார்க்கலாம்.

எனக்கு உண்மையில் நெஞ்சு பதைப்பது அந்தச் சின்ன வெள்ளைக் குளிசையை நினைத்துத்தான். கடி தாங்காமல் எங்கோ வாங்கிக் குடிப்பார்கள், பெயர் தெரியாது. நாலு நாளில் தோல் பளிச்சென்று ஆகும். பெரும்பாலும் அது பிறெட்னிசொலோன், ஸ்டீரொய்ட் வகை. இரத்தத்தில் சீனியை அது விறுவிறென்று ஏற்றும். சொரியாசிஸ் உள்ளவர் அதைச் சடாரென்று நிறுத்தினால், உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளம் போட்டு வார்ட்டில் கிடக்க நேரலாம். இப்போது குடித்துக்கொண்டிருப்பவர்கள் பயந்து தாங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். வைத்தியரிடம் சொல்லி, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சொரியாசிஸுக்கு மெதொட்ரெக்ஸேட் என்ற குளிசை தந்திருந்தால் அது கிழமைக்கு ஒருநாள் மட்டும். தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரகம் பழுதானால் அந்த மருந்து உடம்பில் தேங்கும். வவுனியாவின் சில பகுதிகளில் சிறுநீரக நோய் இருப்பதால், அந்தப் பக்கத்து ஆட்கள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில் நான் முதலில் கேட்பது தேத்தண்ணிக் கணக்கை. அந்த வயல்காரர் நாளுக்கு ஆறு கோப்பை, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. இரவில் கோப்பைநிறையச் சோறு. உடம்பு பெருத்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பங்கு எடை குறைத்தாலே சீனியும் இறங்கும், படையும் தணியும்.

போகும்போது அவருடைய மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டா: "இவற்ற துவாயையும் கோப்பையையும் புறம்பாத்தான் வச்சிருக்கிறன். இனியும் அப்பிடியே வைக்கவோ?" சொரியாசிஸ் தொற்றாது அம்மா, ஒரே கோப்பையிலேயே சாப்பிடலாம் என்றேன். அவர் சேட்டுக் கையை மறுபடி இறக்கிவிடவில்லை.

கிளினிக்குக்கு வரும்போது கொப்பியோடு, வீட்டில் குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். பெயர் தெரியாததை முக்கியமாக.