அயவாஸ்கா: ஆவிக்கொடி என்றால் என்ன குறை?

அமேசான் காட்டு மக்கள் சடங்கில் குடிக்கும், காட்சிகளைத் தரும் ஒரு கஷாயத்தையும் அதற்கான கொடியையும் தமிழில் எப்படிச் சொல்வது? ‘அயாஹுவாஸ்கா’ என்று எழுதுவதை முதலில் விட்டுவிடலாம். ஸ்பானியத்தில் ஹகரத்துக்கு ஒலி கிடையாது. வகர ஒலியைக் காட்டத்தான் அவர்கள் அந்த ‘ஹு’வைப் போட்டார்கள். வாயில் வருவது அயவாஸ்கா.

சொல் தென்னமெரிக்காவின் கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. ‘அய’ என்றால் பிணம், இறந்தவரின் ஆவி. ‘வாஸ்கா’ என்றால் கயிறு. மரத்தைச் சுற்றி ஏறும் கொடிக்கும் அதே சொல்தான். பிணத்தின் கொடியா, ஆன்மாவின் கொடியா என்று மற்ற மொழிக்காரர்கள் திண்டாடுகிறார்கள். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. நம் ‘ஆவி’ உயிருக்கும் ஆகும், செத்த பிறகு அலைவதற்கும் ஆகும். ‘கொடி’யோ அச்சு அசல் வாஸ்கா: வேலியில் படரும் அவரையும் கொடி, துணி காயப்போடும் கயிறும் கொடி, தாலிக்கொடி, தொப்புள்கொடி எல்லாம் உண்டு. ஆக, ஆவிக்கொடி. இட்லிப் பானை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

அமேசான் காட்டில் வளரும் இந்தக் கொடியைத் தட்டி, சக்ருனா என்னும் செடியின் இலையோடு பல மணி நேரம் கொதிக்க வைத்து எடுக்கும் கசப்பான பழுப்புக் கஷாயத்துக்கும் அதே பெயர்தான். சக்ருனா காப்பிச் செடியின் குடும்பம். காட்சிகளைத் தரும் டிஎம்டி என்ற வேதிப்பொருள் அந்த இலையில்தான் இருக்கிறது. ஆனால் இலையை மட்டும் குடித்தால் குடலிலும் ஈரலிலும் உள்ள நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியிலுள்ள ஹார்மின் என்ற பொருள் அந்த நொதியைத் தடுக்கிறது. மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது உயிராபத்தாக முடியக்கூடும் என்பதும் இதே காரணத்தால்தான்.

ஊருக்கு ஊர் பெயர் மாறும். கொலம்பியாவில் யாஹே, ஈக்வடாரின் ஷுவார் பழங்குடி மக்களிடம் நாத்தெம். பிரேசிலில் 1930களில் இரினேயு செர்ரா என்பவர் தொடங்கிய மதத்தில் ‘தாய்மே’. போர்ச்சுக்கீசியத்தில் ‘எனக்குத் தா’ என்று பொருள்.

சடங்கைச் சொல்லும் வார்த்தைகளுக்கு வருவோம். பெருவில் இக்கிட்டோஸ், புக்கால்பா பக்கம் இரவில் மலோக்கா என்னும் பெரிய கூரை வீட்டில் கூடுகிறார்கள். ஆளுக்கொரு பாய், பக்கத்தில் ஒரு வாளி. விளக்கை அணைத்ததும் இலைக்கட்டை அசைக்கும் சரசரப்பும் பாட்டும் மட்டும்தான். பாட்டின் பெயர் இக்காரோ. நடுவே நாட்டுப் புகையிலைப் புகையை உச்சந்தலையில் ஊதுகிறார்கள். நம்மூரில் ஓதி ஊதுவது, மந்திரித்து ஊதுவது என்கிறோமே, அந்தக் குடும்பத்துச் சொற்களே இங்கே பொருந்தும். நடத்துகிறவரை ‘ஷாமன்’ என்பார்கள். அது சைபீரியச் சொல். பெருவின் ஷிப்பிபோ பழங்குடி மக்கள் சொல்வது ‘ஓனான்யா’, அதாவது அறிந்தவர். தமிழின் பழைய ‘அறிவன்’ அப்படியே உட்காரும்.

தடுமாற்றம் ‘ஹீலிங்’ என்ற வார்த்தையில்தான். அமேசான் கிராமத்தில் நோய் என்பது பெரும்பாலும் யாரோ ஏவிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அம்பு உடம்பில் தைத்திருக்கிறது. அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். முன்பெல்லாம் பல இடங்களில் நோயாளி கஷாயத்தைத் தொடவே மாட்டார், அறிந்தவர் மட்டும் குடித்து நோயைப் ‘பார்ப்பார்’. இதற்குச் செய்வினை எடுப்பது, தீர்ப்பது என்பதே சரியான தமிழ். இன்று விமானம் ஏறி வருகிற வெளிநாட்டவர் தானே குடிக்கிறார். தேடி வருவது மனச்சோர்வுக்கும் பழைய காயத்துக்கும் மருந்து. அது ‘ஆற்றுதல்’. ஒரே பாயில் நடந்தாலும் தீர்ப்பதும் ஆற்றுவதும் வேறு வேறு. இரண்டையும் ‘குணப்படுத்துதல்’ என்று மொழிபெயர்த்தால் இந்த வித்தியாசம் காணாமல் போகும்.

அப்புறம் அந்த வாளி. குடித்தவர்கள் வாந்தி எடுப்பார்கள், சிலருக்கு வயிறும் போகும். பெருவில் கஷாயத்துக்கே ‘லா புர்கா’, அதாவது வயிற்றைச் சுத்தம் செய்வது, என்றொரு பெயர் உண்டு. பக்க விளைவு என்று அவர்கள் நினைப்பதில்லை, கெட்டது வெளியேறுகிறது என்பார்கள். ‘வாந்திபேதி’ என்று எழுதினால் காலரா ஆகிவிடும். ‘கழிப்பு’ என்று எழுதிப் பாருங்கள். வயிற்றில் இருப்பதையும் கழிக்கிறோம், திருஷ்டியையும் கழிக்கிறோம்.