புஷ்ரேஞ்சர்: சொல்லும் பொருளும், தமிழில் ஒரு பெயரும்

ஆஸ்திரேலியா பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்துச் சாகசக் கதைகளில் அடிக்கடி வரும் சொல் புஷ்ரேஞ்சர். காட்டில் ஒளிந்து வாழ்ந்து, துப்பாக்கி முனையில் பயணிகளிடமும் வங்கிகளிலும் கொள்ளையடித்தவர்களுக்கு அந்தப் பெயர். தமிழில் பெரும்பாலும் ‘கொள்ளைக்காரன்’ என்றே எழுதிவிடுகிறோம். அதில் பாதிக் கதை காணாமல் போகிறது என்பது என் எண்ணம்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு இடத்தில் வழுக்கும். ‘புஷ்’ என்றதும் புதர் என்று எழுதத் தோன்றும். ஆஸ்திரேலியாவில் அது ஊருக்கு அப்பால் திருத்தப்படாமல் கிடக்கும் நிலம் முழுவதையும் குறிக்கும். ‘காடு’தான் சரி. ‘ரேஞ்சர்’ என்றால் நமக்கு வனச்சரக அலுவலர் நினைவுக்கு வருவார். இங்கே அதன் பொருள் சுற்றித் திரிபவர், அவ்வளவுதான். அரசு வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அச்சில் இந்தச் சொல் 1805 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. சிட்னிக்கும் ஹாக்ஸ்பரிக்கும் நடுவே ஒரு வண்டியை மறித்த மூன்று பேரை, தோற்றத்தை வைத்து ‘புஷ்ரேஞ்சர்களாக இருக்கலாம்’ என்று சிட்னி கெஸட் எழுதியது. அன்றைக்கு அந்தப் பெயர் பெரும்பாலும் தப்பியோடிய கைதிகளைக் குறித்தது. பிரிட்டனிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டு, சங்கிலியிலும் சவுக்கடியிலும் கிடந்தவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஓட்டம்தான் முதலில், கொள்ளை அப்புறம்.

இன்றைய டாஸ்மேனியாவில் இருந்த மேத்யூ பிராடியும் அப்படி ஓடியவர்தான். அவர் தலைக்கு ஆளுநர் ஆர்தர் பரிசு அறிவித்தார். பதிலுக்கு 1825இல் பிராடியும் ஓர் அறிவிப்பை ஒட்டினார்: ஆர்தர் என்கிற ஆள் வெளியில் நடமாடுவது தனக்குக் கவலை தருகிறது, அவரைப் பிடித்துத் தருபவருக்கு 20 கேலன் ரம் தரப்படும். மறு ஆண்டே பிராடியைத் தூக்கிலிட்டார்கள். ஆனால் ‘குற்றவாளி நானா, நீயா’ என்ற அந்தக் கேள்விதான் பின்னால் வந்த கதைகளுக்கெல்லாம் அடித்தளம்.

கூடவே வரும் இன்னொரு சொல் ‘அவுட்லா’. சட்டத்தை மீறியவர் என்று இதற்குப் பொருள் சொல்வது போதாது. நியூ சவுத் வேல்ஸில் 1865இல் ஒரு சட்டம் வந்தது. குறித்த நாளுக்குள் சரணடையாதவரை அவுட்லா என்று அறிவித்துவிட்டால், யார் வேண்டுமானாலும் எச்சரிக்கை இல்லாமலே அவரைச் சுட்டுக் கொல்லலாம். அதாவது, சட்டம் அவருக்குத் தரும் காப்பை விலக்கிக்கொள்கிறது. ‘சட்டக்காப்பு இழந்தவர்’ என்றால் இந்தப் பொருள் முழுமையாக வரும். விக்டோரியாவிலும் 1878இல் இதே மாதிரி சட்டம் வந்தது. அது நெட் கெல்லி என்ற புஷ்ரேஞ்சரின் கும்பலுக்காகவே வந்தது.

நெட் கெல்லியின் கதையில் பழியும் நீதியும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. வீட்டுக்கு வந்த போலீஸ்காரரைத் தாக்கிய வழக்கில் அவருடைய தாய் எலனுக்கு 1878 அக்டோபரில் 3 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. அதே மாதம் ஸ்டிரிங்கிபார்க் ஓடைக்கரையில் கெல்லி கும்பல் 3 போலீஸாரைக் கொன்றது. அடுத்த பிப்ரவரியில் ஜெரில்டெரி ஊரைப் பிடித்துவைத்திருந்தபோது, அச்சிடச் சொல்லி ஒரு நீண்ட கடிதத்தை விட்டுச் சென்றார் கெல்லி. போலீஸின் கொடுமைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது அது. தாய்க்கும் ஏழைகளுக்கும் நியாயம் கேட்கிறது. அதே மூச்சில், போலீஸுக்கு உதவுபவர்களைக் கொடூரமாக மிரட்டவும் செய்கிறது. ‘நான் விதவையின் மகன், அவுட்லா, என் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தாக வேண்டும்’ என்று முடிகிறது. முறையிட வந்தவரே ஆணையிடுபவராக மாறும் அந்த வரி எப்போது வாசித்தாலும் என்னை நிறுத்திவைக்கும். 1880 நவம்பர் 11 அன்று மெல்பர்ன் சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டே விக்டோரியா போலீஸைப் பற்றி அரச விசாரணை ஆணையம் விசாரித்தது.

புஷ்ரேஞ்சர் வாழ்க்கையை நாவலாக்கியவர்களில் பெரிய பெயர் ரோல்ஃப் போல்டர்வுட். உண்மைப் பெயர் தாமஸ் அலெக்ஸாண்டர் பிரவுன், மாஜிஸ்திரேட்டாக வேலை பார்த்தவர். 1882இல் சிட்னி மெயில் இதழில் தொடராக வரத் தொடங்கிய அவருடைய ‘ராபரி அண்டர் ஆர்ம்ஸ்’ நாவலில் கதை சொல்பவன், தூக்குக்குக் காத்திருக்கும் கைதி. தீர்ப்பு சொல்லும் வேலையில் இருந்தவர், தீர்ப்புக்கு ஆளானவனின் வாயால் கதை சொன்னார். அந்தத் துணிச்சலுக்காகவே அதை மதிக்கிறேன்.

ஆனால் இவ்வகைக் கதைகளில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்தக் காடு யாருடையது? பூர்வகுடி மக்களுடையது. கதைகளிலோ அவர்கள் பெரும்பாலும் தடம் பார்ப்பவர்களாகவும் வேலையாட்களாகவும் மட்டுமே வருகிறார்கள். வெள்ளைக் குடியேறி இன்னொரு குடியேறியிடம் கேட்கும் நியாயம்தான் அங்கே ‘நியாயம்’. நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் கேட்க வேண்டிய நியாயத்துக்கு இடமில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? சங்க இலக்கியத்தில் ‘ஆறலை கள்வர்’ இருக்கிறார்கள். ஆறு என்றால் வழி, வழியில் போவோரை அலைத்துப் பறிப்பவர்கள். பொருநராற்றுப்படையில் பாலைப் பண் கேட்டு அவர்கள் படைக்கலத்தைக் கீழே போட்டுவிடுவார்கள். அழகான சொல், ஆனால் அதில் வழிப்பறி இருக்கிறது, தப்பியோட்டம் இல்லை. ‘வனக்கொள்ளையர்’ என்றால் மரம் கடத்துபவர் என்று பொருள்பட்டுவிடும். நாடோடி போலக் ‘காடோடி’ என்ற சொல் இருக்கிறது. அதில் காடும் வருகிறது, ஓட்டமும் வருகிறது. அதனால் ‘காடோடிக் கொள்ளையர்’ என்பதே என் தேர்வு. மொழிபெயர்ப்பவர்கள் முதல் இடத்தில் ‘புஷ்ரேஞ்சர் எனப்படும் காடோடிக் கொள்ளையர்’ என்று எழுதிவிட்டு, பிறகு காடோடி என்று மட்டும் எழுதலாம். அவுட்லா என்று வரும் இடத்தில் மட்டும் காடோடி போடக் கூடாது. எல்லாக் காடோடிகளும் சட்டக்காப்பு இழந்தவர்களாக அறிவிக்கப்பட்டவர்கள் இல்லை.