குறியீட்டை மாற்றும் முன் ஈக்குவலைசரைப் பாருங்கள்

மறுபடியும் அதே புகார். ரிசீவரில் பிழை குறையவில்லை, குறியீட்டு விகிதத்தை (அனுப்பும் பிட்டுகளில் உண்மையான தரவின் பங்கு) 3/4-இலிருந்து 1/2-க்கு இறக்கியும் பலனில்லை. சேனல், அதாவது சிக்னல் வரும் வழி, செய்யும் சிதைவைச் சரிக்கட்டும் ஈக்குவலைசரைப் பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் இல்லை.

பிழைதிருத்தக் குறியீடு எதையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. இரைச்சலால் ஆங்காங்கே கெடும் பிட்டுகளை அது மீட்கும். ஆனால் சிக்னல் பல பாதைகளில் சுற்றி வந்து, ஒரு சிம்பலின் (ஒரு தடவையில் அனுப்பும் சிக்னல் துண்டு) வால் அடுத்ததன் மேல் விழுந்தால், கெடுவது எல்லாச் சிம்பலும்தான். குறியீட்டைப் பிரித்துப் பிழை திருத்தும் டிகோடருக்கும் எல்லை உண்டு. 223 பைட் தரவை 255 பைட் பிளாக்காக்கி அனுப்பும் ரீட்–சாலமன் (255, 223) குறியீடு ஒரு பிளாக்கில் 16 பைட் பிழை வரை திருத்தும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் கைவிரிக்கும். எப்போதாவது தவறான விடையைச் சரியானதுபோல் நீட்டும்.

விகிதத்தை இறக்கியவர்கள் இன்னொன்றையும் கவனிப்பதில்லை. தரவு வேகம், மாடுலேஷன் (பிட்டுகளைச் சிக்னலில் ஏற்றும் முறை) இரண்டையும் மாற்றாமல் 3/4-இலிருந்து 1/2-க்குப் போனால் சிம்பல் வேகம் ஒன்றரை மடங்காகும். எதிரொலியின் நீளமோ அப்படியே இருக்கும். முன்பு 4 சிம்பலைத் தொட்டது இப்போது 6 சிம்பலைத் தொடும், ஈக்குவலைசரின் டேப்கள் (ஒவ்வொரு தாமதத்துக்கும் ஓர் எடை போடும் கண்ணிகள்) மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே நிற்கும். நோயைக் கூட்டிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்றால் எப்படி? பவரைக் கூட்டினாலும் எதிரொலியும் சேர்ந்தேதான் கூடும்.

சரி, ஈக்குவலைசர் இருந்தால் போதுமா? அதுவும் இல்லை. சேனலில் ஆழமான பள்ளம் உள்ள அதிர்வெண்ணில் சேனலை அப்படியே தலைகீழாக்கும் ஜீரோ ஃபோர்சிங் முறை இரைச்சலையும் ஊதிப் பெருக்கும். இரைச்சலையும் கணக்கில் சேர்த்து மொத்தப் பிழையைக் குறைக்கும் எம்எம்எஸ்இ முறைக்கு மாறுங்கள். முடிவைத் திருப்பி ஊட்டும் டிஎஃப்இ வகை ஈக்குவலைசரில் ஒரு தப்பான முடிவு அடுத்தவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். பிழைகள் கொத்தாக வரும், சிதறி வரும் பிழைகளுக்கே ஏற்ற விட்டர்பி டிகோடருக்கு அது ஆகவே ஆகாது. நடுவே, வரிசையைக் கலைத்துக் கொத்தைச் சிதறடிக்கும் இன்டர்லீவர் வேண்டும். டேப் எடைகளைத் தானே திருத்திக்கொண்டு போகும் எல்எம்எஸ் முறையின் படி அளவு பெரிதானால் டேப்கள் தறிகெட்டு ஓடும், சிறிதானால் மாறும் சேனலை எட்டிப் பிடிக்காது. டிகோடருக்கு முன்பே 0, 1 என்று வெட்டிக் கொடுக்காதீர்கள், ஏறத்தாழ 2 டெசிபெல் வீணாகும். பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, இருந்தும் செய்கிறார்கள்.

திருத்தத்துக்கு முந்தைய பிழை விகிதத்தையும் கான்ஸ்டலேஷனையும் (வந்த சிம்பல்களைப் புள்ளிகளாகக் காட்டும் படம்) முதலில் பாருங்கள். திருத்திய பிறகு பூஜ்யம் என்று காட்டும் ரிசீவர், விளிம்பில் நின்றுகொண்டிருக்கலாம்.

உதவி கேட்டு லாக் அனுப்பும்போது டேப் எடைகளையும் சேர்த்து அனுப்புங்கள், தயவுசெய்து. டிகோடரின் இறுதிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு சேனலை ஊகிக்க என்னால் முடியாது.