கிணறு வெட்டும்போது எலும்பு வந்தால் கழுவாதீர்கள்

கிணறு வெட்டும்போதோ குளத்து அலைகரையைப் பெக்கோவால் கிண்டும்போதோ ஓட்டுத்துண்டும் எலும்பும் சேர்ந்து வந்தால், பலரும் உடனே வாளித் தண்ணீரில் கழுவுகிறார்கள். பிறகு வெயிலில் காயவைத்துப் பொலித்தீன் பையில் கட்டிவிடுகிறார்கள். பழைய எலும்பில் எஞ்சிய டி.என்.ஏ.யைப் படிக்கும் தொல் மரபணு ஆய்வுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

வேலையை அப்படியே நிறுத்துங்கள். எலும்பை இழுத்து எடுக்க வேண்டாம். கிடுகோ தறப்பாளோ கட்டி நிழல் கொடுத்தால் போதும். பொலிஸுக்கு அறிவியுங்கள். முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023இல் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோதுதான் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. வன்னி மண்ணில் வரும் எலும்பு பழங்காலத்தினதா, யாரோ ஒரு தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையினதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் சாட்சி ஒன்றுதான்: கலையாத மண்.

எலும்பில் எஞ்சும் டி.என்.ஏ. பெரும்பாலும் நூறு எழுத்துக்கும் (எழுத்து என்பது டி.என்.ஏ. சங்கிலியின் ஓர் அலகு) குறைந்த துணுக்குகளாக நொறுங்கியிருக்கும். எங்கள் வெக்கையும், மாரியில் ஊறிக் கோடையில் வெடிக்கும் மண்ணும் அதை இன்னும் அரிக்கும். இந்தியாவின் ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக இடமான ராகிகரியில் 61 மாதிரிகளைச் சோதித்தும் ஒரேயொரு பெண்ணின் எலும்பில்தான் பயன்படும் அளவு கிடைத்தது. அந்த ஆய்வு 2019இல் வெளியானது. இவ்வளவு அரிதான பொருளில் கைவியர்வையும் எச்சிலும் பட்டால் தொட்டவரின் மரபணுதான் மேலோங்கும். பொலித்தீனுக்குள் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். அகழ்பவர்கள் கையுறை, முகமூடி அணிந்து, ஒட்டிய மண்ணோடு கடதாசிப் பையில் இடுவது இதனால்தான்.

மண்டையோடு நொறுங்கியிருந்தாலும் துண்டுகளைக் கொட்டிவிடாதீர்கள். காதுக்கு உட்புறம், உட்செவியைப் பொதிந்திருக்கும் எலும்புக் கட்டிதான் உடம்பிலேயே மிக இறுக்கமானது. பாக்களவு துண்டு, பார்த்தால் கல் என்றே தோன்றும். டி.என்.ஏ. அதிகம் தப்புவது அதில்தான். அடுத்தது பல். பல்லில் இறுகிப் படிந்திருக்கும் பற்காரையைச் சுரண்ட வேண்டாம். வாய்க்கிருமிகளின் மரபணுவும் உணவின் தடயமும் அதிலே இருக்கும். தாழிக்குள் வெளுத்து வெடித்துக் கிடக்கும் எரிந்த எலும்பில் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது.

கிடைத்த மரபணு, அந்த ஆள் என்ன மொழி பேசினார் என்று சொல்லாது. தாய்வழி மரபணுவை மட்டும் பார்த்தால், பத்துத் தலைமுறைக்கு முந்திய 1,024 மூதாதையர் இடங்களில் ஒருத்தியின் கதைதான் தெரியும். அதை வைத்து "இந்தக் காணி யாருடையது" என்று வாதாடுவது அறிவியல் அல்ல.

எலும்பின் மரபணுவோடு ஒப்பிட இன்றைய மக்களிடம் எச்சில் மாதிரி எடுக்கும்போதும் கவனம் வேண்டும். 1977க்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களும், போரில் பலமுறை இடம்பெயர்ந்தவர்களும் கலந்து வாழும் ஊர்கள் இவை. இப்போதைய முகவரியை எழுதி என்ன பயன்? பெற்றோரைப் பெற்ற நால்வரும் பிறந்த ஊரைக் கேட்டு எழுத வேண்டும்: அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா, ஒவ்வொருவருக்கும் தனி வரி.