ஸ்டாக்ஃபிஷ்ங்கிற செஸ் ஆடுற புரோகிராம் (இஞ்சின்) ஃப்ரீயா கிடைக்குறப்ப செஸ் கம்பெனிக்காரன் எதைத்தான் விப்பான்?

2021 பிப்ரவரியில ஜெர்மனி செஸ்பேஸ் கம்பெனி ஃபேட் ஃப்ரிட்ஸ் 2னு ஒரு இஞ்சின விக்க ஆரம்பிச்சுச்சு, விலை 99.90 யூரோ, நம்ம மலேசியக் காசுக்கு ஐநூறு வெள்ளி கிட்ட. உள்ள பிரிச்சுப் பாத்தா மூவ் தேடுற புரோகிராம் கோடு எல்லாம் ஸ்டாக்ஃபிஷ். கொஞ்சம் பெரிய நியூரல் நெட்வொர்க் (நிறைய ஆட்டத்தப் பாத்து தானா மார்க் போடக் கத்துக்குற கணக்கு) ஒண்ணு மாட்டி, அங்கங்க சின்னதா தட்டி, பேர மாத்தியிருந்தாங்க. ஸ்டாக்ஃபிஷ்ஷ எந்த மாமாக் கடை வைஃபைலயும் ரெண்டு நிமிஷத்துல ஃப்ரீயா இறக்கிக்கலாம்.

அவ்ளோ பெரிய கம்பெனி ஏன் சொந்தமா ஒண்ணு எழுதாம இதுக்குப் போச்சு? இத்தனைக்கும் 2006ல பான் நகரத்துல அப்ப உலக சாம்பியனா இருந்த கிராம்னிக்க 4-2ன்னு அடிச்சதே அவங்க டீப் ஃப்ரிட்ஸ்தான். திறமை இல்லாம இல்ல, ஆட்டத்தோட கணக்கே மாறிப் போச்சு.

செஸ் இஞ்சின்ல ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு தேடுறது: நான் இத நகத்துனா அவன் அத நகத்துவான், அப்புறம் நான், இப்படிக் கிளை கிளையா போகும், ஒரு நிலையில சராசரியா முப்பத்தஞ்சு மூவ் இருக்கும், எல்லாத்தையும் பாக்க முடியாது, அதனால தேறாத கிளைய சீக்கிரமே வெட்டணும். இன்னொண்ணு கிளையோட முனையில நின்னு இது எனக்கு நல்லதா கெட்டதான்னு மார்க் போடுறது. எத எப்ப வெட்டுறது, எதுக்கு எவ்ளோ மார்க்னு நூத்துக்கணக்குல நம்பர் இருக்கும். அந்த நம்பருங்கதான் ஒரு காலத்துல கம்பெனியோட ரகசியம், பீரோல வச்சுப் பூட்டுன மாதிரி வச்சிருந்தாங்க.

பூட்டு நிக்கல. ஃபாபியன் லெத்தூசே 2005ல தன்னோட ஃப்ரூட் 2.1 இஞ்சின கோடோட ஜிபிஎல் லைசென்ஸ்ல (யாரும் எடுத்து மாத்தலாம், ஆனா வெளிய குடுத்தா மாத்துன கோடையும் குடுக்கணும்) விட்டாரு, அழகா எழுதின கோடு, படிக்காத புரோகிராமரே இல்லைன்னு சொல்லலாம். அந்த வருஷக் கடைசியில வந்த ரைப்காங்கிற இஞ்சின் அடுத்த நாலஞ்சு வருஷம் எல்லாரையும் போட்டு மிதிச்சுச்சு. 2011ல கம்ப்யூட்டர் செஸ் சங்கம் ஐசிஜிஏ, ரைப்கா ஃப்ரூட்லருந்தும் கிராஃப்டிங்கிற இன்னொரு இஞ்சின்லருந்தும் கோட எடுத்திருக்குன்னு சொல்லி 2007லருந்து 2010 வரைக்கும் வாங்கின பட்டத்தையெல்லாம் புடுங்கிருச்சு. (இதுல இன்னைக்கும் ரெண்டு கட்சி இருக்கு, நான் உள்ள போகல.) இன்னொரு பக்கம் 2009ல இப்போலிட்னு பேர் தெரியாத ஆளுங்க ஒரு இஞ்சின கோடோட விட்டாங்க, அது எங்க ரைப்காவ பிரிச்சு எழுதினதுன்னு ரைப்கா ஆளு சொன்னாரு. ஆக ஃப்ரீ கோடு காசு இஞ்சினுக்குள்ள போச்சு, காசு இஞ்சினோட ஐடியா ஃப்ரீயா வெளிய வந்துச்சு. விக்கிற ஃபைல் வாங்குறவன் கையில இருக்குறப்ப அவன் அத பிரிச்சுப் பாக்காம இருப்பானா?

ஆனா கம்பெனிய உண்மையிலேயே கவுத்தது களவு இல்ல, டெஸ்டிங். ஸ்டாக்ஃபிஷ், நார்வேக்காரர் டோர்ட் ரொம்ஸ்டாட் எழுதின கிளாரங் இஞ்சின்லருந்து 2008ல இத்தாலிக்காரர் மார்கோ கோஸ்டால்பா எடுத்துத் தனியா வளத்தது. 2013ல கேரி லின்ஸ்காட் அதுக்கு ஃபிஷ்டெஸ்ட்னு ஒரு டெஸ்டிங் ஏற்பாடு கட்டுனாரு, அங்கதான் கதையே மாறுச்சு.

ஒருத்தர் ஒரு நம்பர மாத்திட்டு இதனால 2 ஈலோ (ஆட்ட பலத்த அளக்குற பாயிண்ட்) ஏறும்னு சொல்றாருன்னு வைங்க. 10,000 கேம் ஆடவிட்டா எதிர்பார்க்குற ஸ்கோர் சுமாரா 5,029க்கு 4,971. அதே 10,000 கேம்ல வெறும் அதிர்ஷ்டத்துலயே முப்பது நாப்பது பாயிண்ட் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும், அதனால 10,000 பத்தாது, பல பதினாயிரம் வேணும். ஆளுக்கு 10 செகண்ட், மூவுக்கு 0.1 செகண்ட் கூடுதல்னு வேகமா ஆடவிட்டாலும் 40,000 கேம் கம்ப்யூட்டர் சிப்போட ஒரே கோர்ல முடிய ரெண்டு வாரம் போயிரும். அப்புறம் ரிசல்ட் பாத்தா பாதிக்கு மேல ஐடியா ஊத்திக்கும், அடுத்த ஐடியாவுக்கு இன்னொரு ரெண்டு வாரம். வீட்டுல நாலு கம்ப்யூட்டர் வச்சு இஞ்சின் எழுதி விக்கிறவன் என்ன பண்ணுவான்?

ஃபிஷ்டெஸ்ட் இத கோத்தோங் ரோயோங், அதாவது ஊர் கூடிச் செய்ற வேலை ஆக்கிருச்சு. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில வேலை செய்ற என் மச்சான் ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போறப்ப பிசிய அதுக்கு விட்டுட்டுப் போவாரு. அது பழைய கோடு, புது கோடு ரெண்டையும் இறக்கி, கம்பைல் பண்ணி, மோத விட்டு, ஜெயிப்பு தோல்வி டிரா எண்ணிக்கைய மட்டும் திருப்பி அனுப்பும். "ஏங்க, யாருமே ஆடல, இது ஏன் இப்படி இரையுது"ன்னு அக்கா கேக்கும். "ஓடட்டும் லா, உலகத்துக்கே ஆடுது"ம்பாரு. கரண்ட் பில் வந்தா வேற பேச்சு. இப்படி உலகம் பூரா ஆளுங்க விடுறாங்க, புது கோடு தேறாதுன்னு புள்ளியியல்ல தெரிஞ்ச உடனே டெஸ்ட் தானா நின்னுரும், கேம் வீணாகாது. இத்தனை கோர எந்த செஸ் கம்பெனியும் காசு குடுத்து வாங்கி கட்டுப்படியாகாது.

அப்புறம் நியூரல் நெட்வொர்க் வந்துச்சு. 2017 கடைசியில கூகுளோட ஆல்ஃபாஸீரோங்கிற நியூரல் நெட்வொர்க் இஞ்சின் வந்தப்ப ஸ்டாக்ஃபிஷ் கதை முடிஞ்சுதுன்னாங்க. ஆனா ஜப்பான்ல யூ நாசு ஷோகிக்காக (ஜப்பான் செஸ்) 2018ல என்என்யூஇன்னு ஒரு நியூரல் நெட்வொர்க் பண்ணியிருந்தாரு. அதுல சூட்சுமம் இதுதான்: ஒரு குதிரைய நகத்துனா போர்டுல மாறுறது ரெண்டு கட்டம், விட்ட இடம், போன இடம். அப்ப நெட்வொர்க்கோட முதல் அடுக்க முழுசா திரும்பக் கணக்குப் போடாம, விட்ட கட்டத்தோட நம்பர கழிச்சு போன கட்டத்தோட நம்பர கூட்டுனா போதும். கிராஃபிக்ஸ் கார்டே வேணாம், சாதா லேப்டாப்ல பறக்கும். 2020 செப்டம்பர்ல ஸ்டாக்ஃபிஷ் 12 இதோட வந்துச்சு. 2023ல மனுஷன் கையால எழுதின மார்க் கணக்கையே மொத்தமா தூக்கிட்டாங்க.

இதுல கம்பெனிக்கு லாபமும் இருக்கு, நிறைய பேர் இத கவனிக்கிறதில்ல. கோடுக்குத்தான் காப்பிரைட், ஐடியாவுக்கு இல்ல. எந்த மாற்றம் தேறுச்சு, எது தேறலன்னு ஃபிஷ்டெஸ்ட்ல எல்லாமே திறந்து கிடக்கு. மூடின இஞ்சின் (கோட வெளிய காட்டாதது) எழுதுறவன் அத உக்காந்து படிச்சு தன் கையால தன் இஞ்சின்ல எழுதிக்கலாம், தப்பே இல்ல. 2020ல கொமோடோ டிராகன்ங்கிற காசு இஞ்சினும் என்என்யூஇக்கு மாறுச்சு. விலைய ஃப்ரீ இஞ்சின் சாவடிச்சுச்சு, ஆனா பலம் ஏறினது அதாலதான்.

செஸ்பேஸ் பண்ணது ஐடியா எடுத்தது இல்ல, கோடையே எடுத்தது. ஜிபிஎல் கோடையும் எடுத்து விக்கலாம், விலை எவ்ளோ வேணா வைக்கலாம், ஆனா இது இன்னாருதுன்னு சொல்லணும், மாத்துன கோட குடுக்கணும். சரியா அங்கதான் கோட்டை விட்டுட்டாங்கன்னு ஸ்டாக்ஃபிஷ் டீம் 2021 ஜூலையில ம்யூனிக் கோர்ட்டுக்குப் போச்சு. 2022 நவம்பர்ல சமரசம்: ஃபேட் ஃப்ரிட்ஸ் 2, அவங்க வித்த இன்னொரு இஞ்சினான ஹூடினி 6 ரெண்டையும் விக்கக் கூடாது, ஒரு வருஷத்துக்கு ஸ்டாக்ஃபிஷ் கோடு இருக்குற எதையும் விநியோகம் பண்ணக் கூடாது, லைசென்ஸ் விஷயத்த கவனிக்க கம்பெனியில தனியா ஒரு ஆள் வைக்கணும்.

இப்ப காசு இஞ்சின சுத்தி இருக்குறதுல வருது: கேம் டேட்டாபேஸ், ஓப்பனிங் பாடம், வீடியோ, ஆன்லைன் சந்தா. செஸ்.காம் 2018லயே கொமோடோவ வாங்கிருச்சு, இப்ப டார்ச்னு சொந்தமா மூடின இஞ்சின் ஒண்ணும் வச்சிருக்கு. கேஎல்ல புள்ளைங்கள ஸ்கூல் செஸ்ஸுக்கு அனுப்புற அம்மா அப்பாவுக்கு நான் சொல்றது, பலமான இஞ்சினுக்குன்னு ஒரு வெள்ளி கூட குடுக்காதீங்க, நல்ல டேட்டாபேஸுக்கோ கோச்சுக்கோ குடுங்க. ஃபோன் ஆப் ஒண்ணு பிடிச்சுப் போய் வாங்குறதுன்னா அதோட 'About' (ஆப்ப பத்தின விவரம்) பக்கத்த திறந்து ஸ்டாக்ஃபிஷ் பேர் இருக்கான்னு பாருங்க, இருந்தா கோடுக்கு லிங்க் கேட்டு ஒரு ஈமெயில் போட்டுப் பாருங்க.