அரைத்த மாவா, அடிமடியில் கையா?

காமிக்ஸ் ஸ்கிரிப்ட்களைப் படித்துத் திருத்துவது என் வேலை. வருகிற குறிப்புகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: "இது வழக்கமான துப்பறியும் கதை இல்லை." திகில், விண்வெளி, சூப்பர் ஹீரோ என்று வகையின் பெயர் மாறும், வாக்கியம் மாறாது. படித்ததும் எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கும். நானும் அதையே எழுதி அனுப்பிய ஆள்தான்.

அன்று நான் எழுதியது 48 பக்கத் துப்பறியும் கதை. தடயம் தேடுவது, சாட்சிகளை விசாரிப்பது, கடைசியில் எல்லாரையும் கூட்டி வைத்து முடிச்சை அவிழ்ப்பது எல்லாம் அரைத்த மாவு என்று தூக்கிப் போட்டேன். என் நாயகி எதையும் தேட மாட்டார். ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தபடி தன் வாழ்க்கையை யோசிப்பார். கொலைகாரன் தானே வந்து ஒப்புக்கொள்வான். ஓவியர் மழையைப் பிரமாதமாக வரைந்திருந்தார். படித்தவர்கள் அத்தனை பேரும் மழையைப் பாராட்டினார்கள். கொலையைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

துப்பறியும் கதையை எடுக்கிறவர் 'நான் முந்திக் கண்டுபிடித்துவிடுவேனா?' என்ற ஆசையோடு வருகிறார். திகில் கதைக்காரருக்குப் பக்கத்தைப் புரட்டலாமா வேண்டாமா என்று விரல் தயங்க வேண்டும். இந்த ஆசைதான் அந்த வகையின் அடிமடி. தொப்பி, துப்பாக்கி, இருண்ட சந்து, முகமூடி எல்லாம் மேலே போர்த்திய துணி. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறார்கள். தொப்பியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆசையைக் கழற்றிவிடுகிறார்கள்.

2003 டிசம்பரில் ஜப்பானிய வார இதழ் ஒன்றில் தொடங்கிய 'டெத் நோட்' மாங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கொலையாளி யார் என்று வாசகருக்கு ஆரம்பத்திலேயே தெரியும். துப்பறியும் கதையின் உயிர்நாடியையே அறுத்தது போலத் தோன்றும். ஆனால் புத்திக்குப் புத்தி மோதல் ஒவ்வொரு அத்தியாயத்திலும் இருக்கிறது. 'யார்?' போய் 'எப்படி மாட்டுவான்?' வந்தது, அவ்வளவுதான். வாசகருக்கு முந்திக்கொள்ள இன்னமும் இடமிருக்கிறது.

ஸ்பைடர்மேனும் அப்படித்தான். 1962 ஆகஸ்ட் தேதியிட்ட இதழில் அவன் வந்தபோது, சூப்பர் ஹீரோ கதையில் பதின்வயதுப் பையன் என்றால் பெரும்பாலும் நாயகனின் எடுபிடி. இங்கே பையனே நாயகன். கூடவே பணக்கஷ்டம், குற்றவுணர்வு. முகமூடியும் அபார சக்தியும் வில்லனோடு மோதலும் அப்படியே இருந்தன. (அது அந்தப் பத்திரிகையின் கடைசி இதழ். இழக்க ஒன்றுமில்லாத இடத்தில்தான் பல பரிசோதனைகள் அனுமதிக்கப்படுகின்றன.)

1986-87இல் 12 இதழ்களாக வந்த 'வாட்ச்மென்' இன்னும் சுவாரசியம். சூப்பர் ஹீரோ என்ற எண்ணத்தையே கேள்வி கேட்கும் கதை. ஆனால் அதன் முதுகெலும்பு என்ன? முதல் இதழிலேயே ஒரு கொலை, அதை ஒருவன் விசாரிக்கக் கிளம்புகிறான். அவ்வளவு கனமான சரக்கை இழுத்துப் போவது மிகப் பழைய எஞ்சின். பின்னால் வந்த பல நகல்கள் இருட்டையும் கொடூரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டன, எஞ்சினை விட்டுவிட்டன.

கதையில் மட்டுமல்ல, வடிவத்திலும் இதே விபத்து நடக்கும். அச்சுப் புத்தகத்தை விரித்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே பார்வையில் விழும். வலப்பக்கக் கடைசிக் கட்டத்தில் பேய் நின்றால், இடப்பக்க முதல் வரியைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் அதிர்ச்சியை, புரட்டிய பிறகு வரும் பக்கத்தின் தொடக்கத்தில் வைப்பார்கள். போனில் கீழே தள்ளிப் படிக்கும் வெப்டூனில் புரட்டல் கிடையாது. கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஒரு மாணவி அச்சுக்கு வரைந்த திகில் பக்கங்களை அப்படியே வெட்டி வெப்டூனாக்கினார். கதவும் கதவுக்குப் பின்னால் இருந்ததும் ஒரே திரையில். பயம் போயே போய்விட்டது. இரண்டுக்கும் நடுவே இரண்டு திரை நீளத்துக்குக் கறுப்பு விட்டதும் எனக்கே கட்டைவிரல் தயங்கியது.

இப்போதெல்லாம் பக்கங்களைச் சின்னதாகக் கிறுக்கிப் பார்க்கும் தம்ப்நெயில் நிலையிலேயே, எழுத வருகிறவர்கள் கையில் ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுத்துவிடுகிறேன். இந்த வகையை விரும்பிப் படிக்கும் ஒருவர் எந்தப் பக்கங்களுக்காக வந்தாரோ, அவற்றில் மட்டும் ஒரு புள்ளி. என் மழைக் கதையில் 48 பக்கத்துக்கும் சேர்த்து ஒரு புள்ளிகூட விழாது. எல்லாப் பக்கத்திலும் விழுந்தாலும் சிக்கல்தான், அது அரைத்த மாவேதான். வாசகரிடம் 'என்ன வேண்டும்?' என்று மட்டும் கேட்காதீர்கள். புதுசு வேண்டும் என்பார், கொடுத்தால் திட்டுவார். எந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தீர்கள் என்று கேளுங்கள்.

அந்த மழைக் கதையை வருடங்கள் கழித்துத் தொடராக மறுபடி எழுதினேன். நாயகி இன்னமும் ஜன்னலோரம் நின்று மழையைத்தான் பார்க்கிறார். 9ஆம் பக்கத்தில் ஒருவன் 'இப்போதுதான் வெளியிலிருந்து வருகிறேன்' என்கிறான். அவனுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருக்கும் குடையில் ஒரு சொட்டு ஈரமில்லை. நாவலில் குடையைச் சொன்னாலே வாசகர் உஷாராகிவிடுவார். படத்தில் அது பாட்டுக்கு நிற்கும்.

இரண்டாம் பகுதி வருமுன் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "9ஆம் பக்கத்தில் குடை காய்ந்திருக்கிறதே, ஓவியர் கவனிக்கவில்லையா?"

நான் பதில் போடவில்லை.